மாப்பிள்ளை வீட்டில போடப்போற படம்: ஹாங்ஓவரோ ஜிந்தகியோ

வாற மாசம் எங்கட கூட்டாளி ஒருத்தன்ர கலியாணம், கிளிநொச்சியில. கனடாவில இருந்தும் பிரான்சில இருந்தும் பெடியள் வாறாங்கள், கொழும்பில வேலை செய்யிறவங்கள் லீவு போட்டிட்டு வாறாங்கள், மிச்சம் பரந்தன், தருமபுரம், விசுவமடுப் பக்கம் இருக்கிற நாங்கள், எல்லாம் ஒரே வகுப்பில இருந்து படிச்ச ஆக்கள், பள்ளிக்கூடம் விட்டாப்பிறகு இவ்வளவு பேரும் ஒரு இடத்தில சேருறது இதுதான் முதல் தரம். கலியாணத்துக்கு முதல் ஒரு இரவு முத்தத்தில வெள்ளைத்துணி கட்டி, புரொஜெக்டர் வாடகைக்கு எடுத்து ஒரு படம் போடுறதெண்டு முடிவு. என்ன படமெண்டு வட்ஸ்அப் குறூப்பில அடிபட்டு கடைசியா ரெண்டு மிஞ்சியிருக்கு. ஒண்டு இங்கிலிசுப் படம் தி ஹாங்ஓவர், மற்றது ஹிந்திப் படம் ஜிந்தகி நா மிலேகி தோபாரா. ரெண்டையும் திரும்ப இருந்து பாத்திட்டுத்தான் இதை எழுதுறன். இதே பிரச்சினை கன கலியாண வீட்டில வரும், எங்களுக்கு மட்டுமில்லை.

ரெண்டு படமும் தொடங்கிற இடம் ஒண்டுதான். ஒருத்தனுக்குக் கலியாணம் சரிவந்திட்டுது, அதுக்கு முதல் கூட்டாளிமார் சேந்து ஒரு ட்ரிப் வெளிக்கிடுறாங்கள், காரில. அங்கால ரெண்டும் வேற வேற ரோட்டில போகுது.

ஹாங்ஓவர் 2009 இல வந்தது, டொட் பிலிப்ஸ் எடுத்தது. டக் எண்டவன் மாப்பிள்ளை, அவனோட பில், ஸ்டூ, பொம்பிளையின்ர சகோதரன் அலன், நாலு பேரும் மாமனாரின்ர பழைய மெர்சிடிஸ் காரில லாஸ் வேகாஸ் போறாங்கள். ஹோட்டல் மொட்டை மாடியில ஏறி நிண்டு ஆளுக்கொரு கிளாஸ் குடிக்கிறாங்கள், அடுத்த காட்சி விடிஞ்சிட்டுது. அறை சின்னாபின்னம், பாத்றூமுக்குள்ள ஒரு புலி நிக்குது, அலுமாரிக்குள்ள ஆற்றையோ ஒரு குழந்தை, ஸ்டூவுக்கு முன்பல் ஒண்டு இல்லை, மாப்பிள்ளையைக் காணேல்ல. இரவு என்ன நடந்ததெண்டு ஒருத்தனுக்கும் ஞாபகமில்லை. மிச்சப் படம் முழுக்க மாப்பிள்ளையைத் தேடுறதுதான்.

இந்தப் படத்தில நான் உண்மையா மதிக்கிறது அந்தக் கதை பின்னின விதத்தை. சும்மா வெறியில ஆடுற படமெண்டு கன பேர் தள்ளி விடுவினம், ஆனா வடிவாப் பாத்தால் ஒரு துப்பறியும் கதைக்கு இருக்கிற ஒழுங்கு இதுக்குள்ள இருக்கு. ஒரு சாமானைச் சொல்லுறன். படத்தின்ர முதல் பக்கத்திலயே இவங்கள் ஹோட்டலுக்கு வெளியில நிக்கேக்க ஒரு மெத்தை அங்க இருக்கிற சிலையில குத்துப்பட்டுத் தொங்குது, ஆக்கள் அண்ணாந்து பாக்கினம், இவங்களும் பாத்திட்டுப் போறாங்கள், நாங்களும் அதை மறந்து போறம். பிறகு கிட்டத்தட்ட முடியிற நேரம், எல்லா வழியும் அடைபட்டுப் போய் பில் பொம்பிளைக்கு போன் எடுத்து மாப்பிள்ளையைத் துலைச்சுப் போட்டம் எண்டு சொல்லிக்கொண்டிருக்கேக்க, ஸ்டூவுக்குப் பொறி தட்டுது. இந்த ஊர் ஹோட்டலில யன்னல் திறக்கேலாதே, அப்ப அந்த மெத்தை எங்கயிருந்து விழுந்தது? மொட்டை மாடியில இருந்து. பகிடி விட்டு மாப்பிள்ளையை மெத்தையோட தூக்கிக்கொண்டு போய் மேல படுக்க வைச்சதே இவங்கள்தான், அவன் வெயிலில காஞ்சு மேலயே கிடக்கிறான். முதல் தரம் அந்த மெத்தையைக் காட்டேக்க எல்லாரும் சிரிக்கிறம், அந்தச் சிரிப்புக்குள்ளயே விடையை ஒளிச்சு வைச்சிருக்கிறாங்கள். பகிடிப்படம் எழுத நினைக்கிற ஆரும் இந்த ஒரு விசயத்துக்காகவே ரெண்டு தரம் பாக்கலாம்.

அதைவிட அந்த ஸ்டூவா நடிச்ச எட் ஹெல்ம்ஸ், அவருக்கு உண்மையாவே அந்த இடத்தில பல்லில்லை, கட்டின பல்லுத்தான், படத்துக்காக அதைக் கழட்டிப்போட்டு நடிச்சவர். அலனா வாற சாக் கலிஃபினாகிஸ் சொல்லி வேலையில்லை, வாய் திறக்க முதலே சிரிப்பு வரும். மைக் டைசன் மைக் டைசனாவே வந்து ஒரு குத்து விடுறார். ஏறத்தாழ 35 மில்லியன் டொலர் செலவில எடுத்து 460 மில்லியனுக்கு மேல உழைச்ச படம், பகிடிப்படங்களுக்கான கோல்டன் குளோப் விருதும் எடுத்தது. பிறகு இரண்டாம் பாகம், மூண்டாம் பாகமும் வந்தது, இரண்டாவது முதலாவதையே பாங்கொக்கில திரும்ப எடுத்த மாதிரி, அதுகளை விடுங்கோ.

ஆனா ஒண்டு. இந்தப் படத்தில ட்ரிப் எண்டதை நாங்கள் காணுறதே இல்லை. ரோட்டில கொஞ்சத் தூரம் கார் போகுது, பிறகு அந்த இரவு முழுக்க வெட்டித் துலைஞ்சு போச்சு. கூட்டாளிமார் சேந்து சந்தோசமா இருந்த நேரத்தை அவங்களும் மறந்திட்டாங்கள், எங்களுக்கும் காட்டேல்ல, கடைசியில கமராவில இருக்கிற படங்களாத்தான் வருது. நாலு பேருக்கும் இடையில என்ன மனத்தாங்கல் இருந்தது, சின்னனில எப்பிடி இருந்தாங்கள், ஒருத்தனை ஒருத்தன் எவ்வளவு தெரியும், ஒண்டும் இல்லை. ஸ்டூ மட்டும் தன்ர பாடு பாக்க வெளிக்கிட்டு, தன்னை அடக்கி வைச்சிருந்த காதலியை விட்டிட்டு வாறான். மற்றவங்கள் போன மாதிரியே திரும்பி வாறாங்கள்.

ஜிந்தகி 2011 ஜூலையில வந்தது, சோயா அக்தார் எடுத்தது, ஸ்பெயினில. மூண்டு பேர். கபீர், நடிச்சது அபய் தியோல், கலியாணம் இவனுக்குத்தான், குடும்பத்தின்ர கட்டட வேலைக் கொம்பனியைப் பாக்கிறவன். இம்ரான், ஃபர்ஹான் அக்தார், விளம்பரத்துக்கு எழுதுறவன், எல்லாத்தையும் நக்கலாக்கி விடுவான், ஆனா கொப்பிக்குள்ள ஒருத்தருக்கும் காட்டாமல் கவிதை எழுதி வைச்சிருக்கிறான். அர்ஜுன், ஹிருத்திக் ரோஷன், லண்டனில பங்குச்சந்தைத் தரகு உத்தியோகம், போன் காதை விட்டு இறங்காது. பள்ளிக்கூடக் கூட்டாளியள். அப்பவே போட்ட ஒப்பந்தம், ஆளுக்கொரு துணிகர விளையாட்டு தெரிவு செய்யிறது, மற்றவங்கள் மாட்டன் எண்டு சொல்லேலாது. கடலுக்கடியில நீந்துறது, பிளேனில இருந்து குதிக்கிறது, பம்ப்லோனாவில மாட்டுக்கு முன்னால ஓடுறது.

கேக்க ஏதோ சுற்றுலா விளம்பரம் மாதிரி இருக்கும், ஸ்பெயின் சுற்றுலாத்துறையும் கைகொடுத்த படந்தான், தக்காளி எறியிற திருவிழாவும் வருது, சினியோரிட்டா பாட்டின்ர ஆட்டத்துக்கு இந்தியாவின்ர தேசிய விருதும் கிடைச்சது, எல்லாம் சரி. ஆனா எனக்குப் பிடிச்ச இடம் அதொண்டுமில்லை. காருக்குள்ள நடக்கிறதுதான். மூண்டு பேரும் ஒரே காரில மணித்தியாலக்கணக்கா இருக்கிறாங்கள், இறங்கி ஓட வழியில்லை. அர்ஜுன் அந்த நேரத்திலயும் யப்பான்காரனோட யாவாரம் கதைச்சுக்கொண்டு வாறான், மற்ற ரெண்டு பேரும் நக்கலடிச்சு அடிச்சுப் பாத்து, கடைசியில இம்ரான் அந்தப் போனைப் பறிச்சு ஓடுற காரில இருந்து வெளியில எறிஞ்சு போடுறான். அந்த இடத்தில ஆக்கள் எல்லாம் சிரிப்பினம். ஆனா அர்ஜுன் சிரிக்கேல்ல. காரை நிப்பாட்டி இறங்கினவுடன வாற கொழுவல் போனைப்பற்றினதே இல்லை, கன வருசத்துக்கு முதல் அர்ஜுன் காதலிச்ச பெட்டையோட இம்ரான் பழகினதைப் பற்றினது. அவ்வளவு காலமும் ரெண்டு பேரும் அதைக் கதைக்காமலே கூட்டாளியளா இருந்திருக்கிறாங்கள். இம்ரான் மன்னிப்புக் கேட்டவன்தான், ஆனா அது வாயால கேட்டது, அர்ஜுன் அதை எடுக்கேல்ல. பிறகு இம்ரான் தான் ஒருநாளும் காணாத தன்ர சொந்தத் தகப்பனை, நசீருதீன் ஷா, அங்க போய்ச் சந்திக்கிறான். பிள்ளையை விட்டிட்டுப் போன மனுசன், அதை மூடி மறைக்கவுமில்லை. அந்தச் சந்திப்பிலதான் இம்ரானுக்கு, விட்டுப் போனவன்ர பக்கமும் தெரியுது, விடுபட்டவன்ர வலியும் தெரியுது. அதுக்குப் பிறகு அர்ஜுனிட்டக் கேக்கிற மன்னிப்பு வேற மாதிரி வருது. ரெண்டு ஆம்பிளையள், பகிடி விட்டே பழகினவங்கள், ஒருக்கா பகிடியில்லாமக் கதைக்கிறாங்கள்.

இதைத்தான் நான் பெடியளிட்டச் சொல்லவேணும். எங்கட குறூப்பிலயும் ஒருத்தன் ஒருநாள் காணாமப் போய், பேந்து ஏஜென்சியால வெளிநாடு போய்ச் சேந்திட்டான் எண்டு மூண்டாம் ஆள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிஞ்சது. அவனோட ஒண்டா மோட்டச்சைக்கிளில திரிஞ்சவன் இன்னும் அவனோட முகம் குடுத்துக் கதைக்கிறதில்லை, குறூப்பில பகிடி போட்டால் சிரிப்பு போடுவான், அவ்வளவுதான். வன்னியில இப்பிடி ஒரு ஆள் இல்லாத கூட்டாளிக் கூட்டம் இருக்கோ எண்டு எனக்குத் தெரியேல்ல. சொல்லாமப் போனவனும் சொல்லேலாமல்தான் போனான், தெரிஞ்சால் பிரச்சினை எண்ட காலம். ஆனா அதை ஒருத்தரும் இருந்து கதைக்கேல்ல.

இன்னொரு இடம், ஒரு வசனம். கடலுக்கடியில நீந்தப் பழக்கிற லைலாவிட்ட, கத்ரீனா கைஃப், அர்ஜுன் தான் நாப்பது வயசு வரைக்கும் உழைச்சிட்டுப் பிறகு ஓய்வெடுத்து வாழப்போறன் எண்டு சொல்லுறான். நாப்பது வயசு வரைக்கும் இருப்பன் எண்டு எப்பிடித் தெரியும் எண்டு அவள் திருப்பிக் கேக்கிறாள். மற்ற இடத்தில இருக்கிறவை அதை ஒரு நல்ல வசனம் எண்டு எழுதி வைப்பினம். எங்களுக்கு அது அப்பிடியில்லை. ஹாங்ஓவர் தியேட்டருக்கு வந்தது 2009 ஜூன் முதல் கிழமை. அந்த நேரம் எங்கட வகுப்பில மிஞ்சின ஆக்கள் சண்டை முடிஞ்ச கையோட செட்டிகுளம் மெனிக்பாம் முகாமில, தறப்பாள் கொட்டிலுக்குள்ள, ஒருத்தன் ஆனந்தகுமாரசாமிப் பிரிவில, மற்றவன் இராமநாதன் பிரிவில, முட்கம்பிக்கு இஞ்சால நிண்டு அங்கால நிக்கிறவனைக் கூப்பிட்டு, உன்ர வீட்டில எல்லாரும் இருக்கினமோ எண்டு கேட்ட காலம். ஜிந்தகி வரேக்க மீள்குடியேற்றம் எண்டு வந்து தகரக் கொட்டில் போட்டு இருக்கிறம், கிணறு இறைச்சுக்கொண்டிருக்கிறம். ஆக இந்த ரெண்டு படமும் உலகமெல்லாம் சிரிச்ச நேரத்தில எங்களுக்கு வரேல்ல, பேந்துதான் பென்டிரைவில வந்தது. அதால அந்த நாப்பது வயசுக் கேள்வி வரேக்க பந்தலுக்குள்ள கொஞ்சம் அமைதியா வரும் எண்டு எனக்குத் தெரியும், வரட்டும், அதுக்குப் பயந்து படத்தை மாத்தத் தேவையில்லை.

இனி வில்லங்கங்கள். பெரிய வில்லங்கம், ஜிந்தகியில கலியாணம் நடக்கேல்ல. கபீர் கட்டப்போற நட்டாஷா எண்ட பெட்டைக்கு மோதிரம் குடுத்ததே பிழையா விளங்கி நடந்தது, அவன் தாய்க்கு வாங்கின மோதிரத்தை அவள் தனக்கு எண்டு நினைச்சிட்டாள், இவன் சொல்லேலாமல் அப்பிடியே விட்டிட்டான். மாட்டோட்டத்துக்கு முதல் மூண்டு பேரும், உயிரோட வந்தால் இதைச் செய்யிறது எண்டு ஆளுக்கொரு வாக்குக் குடுக்கிறாங்கள், கபீரின்ர வாக்கு அவளிட்ட உண்மையைச் சொல்லுறது. கடைசியில பெயர் ஓடேக்க ஒரு கலியாணம் காட்டினம், ஆனா அது கபீருக்கில்லை. இப்ப இதைக் கலியாண வீட்டில, அதுவும் மாப்பிள்ளையின்ர தாய், பெரியம்மா, மாமிமார் இருக்க, போட்டால் என்ன கதை வரும் எண்டு யோசியுங்கோ. ஹாங்ஓவரில எத்தினை கூத்து நடந்தாலும் மாப்பிள்ளை நேரத்துக்கு வந்து தாலி கட்டுற மாதிரி வந்து நிக்கிறான், சகுனம் பாக்கிறவைக்கு அது நல்லது. இதுக்காகத்தான் கன பேர் ஹாங்ஓவர் எண்டு நிக்கிறாங்கள், அது நியாயம் இல்லை எண்டு சொல்லமாட்டன்.

ஆனா ஹாங்ஓவரை அந்த மாமிமார் இருக்கிற இடத்தில போடவே ஏலாது, அதுதான் விசயம். காரின்ர டிக்கியைத் திறக்க ஒருத்தன் உடுப்பில்லாமல் பாய்ஞ்சு வாறான், வாய் திறந்தால் தூசணம், போதை மருந்து, எல்லாத்துக்கும் மேல கடைசியில ஓடுற அந்தப் படங்கள். பந்தல் போட்ட வீடெண்டால் வாசலுக்குக் கதவில்லை, பக்கத்து வீட்டுச் சின்னனுகள் எல்லாம் பாயைக் கொண்டுவந்து முன்னால விரிச்சிட்டுத்தான் இருக்கும், பலகாரம் சுடுற அக்காமார் எண்ணெய்ச் சட்டியை இறக்கிவைச்சிட்டு எட்டிப் பாப்பினம். அவையை எழும்பிப் போங்கோ எண்டு சொல்லுறது மரியாதையுமில்லை, அது அவையின்ர வீட்டுக் கொண்டாட்டமும்தான். ஜிந்தகியில முத்தக்காட்சி, குடிக்கிறது எல்லாம் இருக்கு, இல்லை எண்டு சொல்லேல்ல, ஆனா இப்ப தமிழ்ப்படத்தில வாறதை விடக் கூட இல்லை. கபீரின்ர விசயத்துக்கு நான் சொல்லுறது, படம் போட முதலே மாப்பிள்ளையின்ர அம்மாவிட்டப் போய் இப்பிடி முடியும் அம்மா எண்டு சொல்லிப்போடுங்கோ, கலியாணத்துக்கு முதல் நாள் வேண்டாம், ரெண்டு மூண்டு நாள் முன்னுக்குப் போடுங்கோ. பிழையா விளங்கி நடக்கிற கலியாணத்தை விட நேர கதைக்கிறது நல்லதெண்டு அந்த அம்மாக்களுக்கு எங்களை விட நல்லாத் தெரியும்.

பெண்களைக் காட்டின விதத்தில ரெண்டு படத்திலயும் குறை இருக்கு, அதை மறைக்கேலாது. ஹாங்ஓவரில ஸ்டூவின்ர காதலி கத்திறதுக்கெண்டே எழுதின ஆள், வேகாஸில அவன் வெறியில கட்டின பெட்டை நல்லவள் எண்டதைத் தவிர அவளைப்பற்றி ஒண்டும் தெரியாது. ஜிந்தகியில கபீரின்ர நட்டாஷா சந்தேகப்பிராணி, லைலா எல்லாத்துக்கும் விடை தெரிஞ்ச ஆள், ரெண்டும் பாதி மனுசர்தான். ஆனாலும் கடலுக்கடியில தண்ணிப்பயத்தில மூச்சு முட்டி வெளியில வந்த அர்ஜுனைத் தனியக் கூட்டிக்கொண்டு போய், கண்ணைப் பாத்துக் கையால சைகை காட்டி, திரும்ப இறக்கிறது லைலாதான். மேல வந்து அவன்ர கண் கலங்கேக்க படம் ஒரு பகிடியும் விடாமல் நிக்குது. ஹிருத்திக்கின்ர நடிப்பில எனக்கு அந்த ஒரு இடம் காணும்.

காசு விசயமும் இருக்கு. ஸ்பெயினில பழைய பியூக் கார் எடுத்து ஓடுறவங்கள் பணக்காரர், வேகாஸில ஹோட்டல் எடுக்கிறவங்களும் அப்பிடித்தான். எங்கட ட்ரிப் எண்டால் ஹையேஸ் வான் ஒண்டு பிடிச்சு, முறிகண்டியில இறங்கித் தேங்காய் உடைச்சு, கச்சான் வாங்கிக்கொண்டு, ஏ9 ஆல வவுனியா தாண்டி திருகோணமலைக்கோ நுவரெலியாவுக்கோ போறது, சமையல் சாமான், அடுப்பு, பெரிய பானை எல்லாம் பின் சீற்றில. ஆனா வானுக்குள்ள நடக்கிறது அதேதான். ஓமந்தை வரைக்கும் பாட்டு, அங்கால ஒருத்தன் நித்திரை, ஒருத்தன் வெளிநாட்டுக்காரனிட்ட அங்க சம்பளம் என்ன மாதிரி எண்டு கேக்கிறது, அவன் சரியான பதில் சொல்லாமல் சிரிக்கிறது. அவன் அங்க ரெண்டு வேலை செய்யிறான் எண்டது இஞ்ச ஒருத்தருக்கும் தெரியாது, இஞ்ச வயல் போன போகத்தில தண்ணிக்குள்ள போனது அவனுக்குத் தெரியாது. அர்ஜுனின்ர போனைப் பாக்கேக்க வெளிநாட்டில இருந்து வாறவங்களுக்குச் சுருக்கெண்டு இருக்கும், நான் அதுக்காகவே போடச் சொல்லுறன்.

மொழி ரெண்டிலயும் கஷ்டம்தான். ரெண்டுக்கும் இங்கிலிசு சப்டைட்டில் வேணும். ஹாங்ஓவரில அமெரிக்கக் கதை, வேகம், அரைவாசிப் பகிடி வசனத்திலதான், அது பிடிபடாட்டில் புலியும் மைக் டைசனும்தான் மிஞ்சும். ஜிந்தகியில கன விசயம் முகத்திலயே விளங்கும், கபீரின்ர முழி, இம்ரானின்ர நக்கல் சிரிப்பு, ஒரு விலைகூடின கைப்பைக்கு, பாக் எண்ட சொல்லை வைச்சு, பாக்வதி எண்டு பேர் வைச்சுக் காரில ஒரு ஆளா இருத்திக் கொண்டு போறது, இதுகளுக்கு மொழி தேவையில்லை. ஜாவேத் அக்தார் எழுதின கவிதையள் இடையில வருது, அது மட்டும் சப்டைட்டிலில அரைகுறையாத்தான் போய்ச்சேரும். கரன்ற் போகாத இடத்தில, பெரிய எழுத்து வைச்சுப் போடுங்கோ, பின்னால கதிரை போட்டு இருக்கிற ஆக்களுக்கும் தெரியவேணும்.

நீளம் ஒரு பிரச்சினை. ஹாங்ஓவர் நூறு நிமிசம், ஜிந்தகி ரெண்டரை மணித்தியாலம். நடுவில கொஞ்சம் இழுக்கும், தக்காளித் திருவிழாப் பக்கம் எழும்பிப் போய் தேத்தண்ணி ஊத்திக்கொண்டு வரலாம், ஒண்டும் குறையாது. காரில கொழுவுப்படுற இடமும் தகப்பனைச் சந்திக்கிற இடமும் மட்டும் ஒருத்தரும் எழும்பக்கூடாது. ஏழு மணிக்கே தொடங்கினால்தான் பத்து மணிக்குள்ள முடியும், தூர இருந்து வாறவங்கள் மோட்டச்சைக்கிளில திரும்பிப் போகவேணும், ரோட்டில மாடு படுத்திருக்கும், யானை வாற பக்கத்து ஆக்களும் இருக்கிறாங்கள்.

அதால என்ர வாக்கு ஜிந்தகிக்கு. சொல்லாமப் போனவனும் அவனோட கதைக்காதவனும் பக்கத்தில பக்கத்தில கதிரை போட்டு இருக்கிற மாதிரி மட்டும் ஆராவது பாத்துக்கொள்ளுங்கோ, மிச்சத்தை ஒருத்தரும் தள்ளிவிடத் தேவையில்லை. ஹாங்ஓவரை விடச் சொல்லேல்ல, அது நாலாஞ்சடங்கும் முடிஞ்சு, பந்தலும் கழட்டி, பெடியள் மட்டும் தனிய இருக்கிற இரவுக்கு. மாப்பிள்ளை வரமாட்டான், பரவாயில்லை. அண்டைக்கு லப்டொப்பிலயே பாக்கலாம், புரொஜெக்டருக்குத் திரும்ப வாடகை குடுக்கத் தேவையில்லை.